சிற்றலையில் செவி வைத்தவர்கள்

உத்தியோகம், குடும்பம், கோயில், கல்யாணம் என்னும் வட்டத்துக்குள் அடங்காத எந்த ஈடுபாட்டையும் சற்றுச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஒருவர் மாலை வேளைகளில் சீட்டாடினாலும், திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசினாலும் அதைச் சகஜமென்று ஏற்றுக்கொள்ளும் நம் சமூகம், அதே மனிதர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பழைய வானொலிப் பெட்டியொன்றின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வரும், தமக்குப் புரியாத பாஷையிலான குரலைக் காது கொடுத்துக் கேட்டு, அதன் விவரங்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வாரேயானால், ‘நல்ல மனிதர்தான், ஆனால் கொஞ்சம் கிறுக்கு’ என்று தீர்ப்பளித்துவிடுகிறது. ‘இதனால் என்ன லாபம்?’ என்ற கேள்வி அவரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. சீட்டாடுகிறவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சிற்றலை வானொலி நேயர்கள் என்ற கூட்டத்தாரைப் பற்றியே இங்கு எழுத நினைக்கிறேன். எத்தனையோ விதமான தனிப்பட்ட பித்துகள் உலகில் உண்டு. தபால்தலை சேர்ப்பவர்கள், ரயில் எஞ்சின்களின் எண்களைக் குறித்து வைப்பவர்கள், பழைய சித்திரக்கதைப் புத்தகங்களைத் தேடி நடைபாதைக் கடைகளில் அலைபவர்கள் என்று அந்த ஜாபிதா நீளும். ஆனால் ஓர் அபிமானம் எப்படி ஒரு மனிதனின் புலன்களைப் பண்படுத்துகிறது என்பதையும், அன்றாட வாழ்வில் அதற்கு இடம் கொடுப்பதால் அந்த வாழ்வு எவ்வளவு விசாலமடைகிறது என்பதையும் காட்டுவதற்குச் சிற்றலை நேயரைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் தபால்காரராகவும், தையற்காரராகவும், ஆரம்பப் பள்ளி ஆசிரியராகவும், மளிகைக் கடைக்காரராகவும் இருந்துகொண்டே இந்த வித்தையில் ஈடுபட்டவர்கள் ஏராளம். தூர தேசத்து நிலையங்களை வேட்டையாடுவதற்கு ‘டி.எக்ஸ்.’ என்று அவர்கள் தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேட்டையின் சுவாரசியம் ஆகாயத்தில் இருக்கிறது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடங்கிச் சில நூறு கிலோமீட்டர் வரையில், சூரிய கிரணங்களால் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கடுக்காக நிற்கிறது. இதை அயனிமண்டலம் என்பர். சிற்றலை இந்த மண்டலத்தின் மேலடுக்கை எட்டியதும் வளைந்து மீண்டும் தரைக்கு வருகிறது. தரையில் பட்டு மறுபடியும் மேலே கிளம்புகிறது. குளத்து நீரில் பிள்ளைகள் வீசும் ஓட்டாஞ்சில்லு தத்தித் தத்திப் போவதுபோல, இவ்விதம் சில தாவல்களில் அது கண்டம் விட்டுக் கண்டம் சென்றுவிடுகிறது. பகலில் கீழடுக்கு ஒன்று உருவாகி, குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் அந்த அடுக்கு கலைந்துபோகும். அதன் பிறகு 49 மீட்டர், 41 மீட்டர், 31 மீட்டர் வரிசைகளில் தூர தேசங்கள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். பகலில் கேட்க வேண்டுமானால் 19 மீட்டர், 16 மீட்டர் போன்ற குறுகிய அலைகளுக்குப் போக வேண்டும். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகியும் அருகியும் வருவதற்கேற்ப, இந்தக் கேட்கும் வாய்ப்பும் ஏறி இறங்குகிறது. ஆகவே அனுபவமுள்ள நேயர் ஒருவர் வானொலிப் பெட்டியின் முன் அமரும்போது, அது என்ன மாதம், சூரியன் எந்தத் தேசத்தில் உதிக்கிறது, எங்கே அஸ்தமிக்கிறது என்பவையெல்லாம் அவர் மனத்தில் ஒரு சித்திரமாக விரிந்திருக்கும். பூகோளத்தைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் பலர். இவர்கள் அதைக் காதால் படித்தவர்கள்.

மின்வெட்டை வரவேற்கும் மனிதர்கள் உலகில் இருப்பார்களானால் அவர்கள் இவர்கள்தாம். ஊரில் மின்சாரம் நின்றவுடன் குழல் விளக்குகளும், தொலைக்காட்சிப் பெட்டிகளும், இக்காலத்து மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் முழுவதும் ஒரே கணத்தில் அடங்கிவிடும். மின்கலத்தில் ஓடும் டிரான்சிஸ்டரில், அதுவரை சலசலப்புக்கு அடியில் புதைந்து கிடந்த மெல்லிய நிலையமொன்று தெளிந்து மேலே வரும். வீட்டார் விசிறியைத் தேட, இவர் மாடிக்குப் போய்க் கம்பியை நீட்டுவார்.

இனி, கேட்டதை என்ன செய்கிறார்கள் என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். இந்த ஈடுபாட்டின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. ஒரு நிலையத்தைக் கேட்ட நேயர் அந்த நிலையத்துக்கு ஓர் அறிக்கை எழுதுகிறார். தேதி, சர்வதேச நேரம், அதாவது நம் கடிகார நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தது, கிலோஹெர்ட்ஸில் அலைவரிசை, ஒலிபரப்பின் பாஷை, எந்த நிமிஷத்தில் செய்தி தொடங்கிற்று, எந்த நிமிஷத்தில் பாட்டு வந்தது, அறிவிப்பாளர் ஆணா பெண்ணா, இடையில் ஒலித்த வாத்தியம் எது என்று நிகழ்ச்சியின் விவரம், தம்முடைய பெட்டி எத்தகையது, ஏரியல் எத்தனை மீட்டர் நீளம், எந்தத் திசையில் கட்டியது என்ற குறிப்பு. இவற்றோடு ஐந்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணையும் எழுதுவார். அதன் முதல் இலக்கம் ஒலியின் வலிமையையும், இரண்டாவது அண்டை நிலையங்களின் குறுக்கீட்டையும், மூன்றாவது இரைச்சலையும், நான்காவது அலை மங்கி மங்கித் தெளிவதையும், ஐந்தாவது மொத்தத்தில் கேட்கத் தகுந்த நிலையையும் குறிக்கும். ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. 5 என்றால் குறையேதுமில்லை, 1 என்றால் மிக மோசம் என்று பொருள். ‘சின்போ’ என்பது இதன் பெயர்.

புதிதாக வந்த நேயர் எவரும் தம் அபிமான நிலையத்துக்கு ஐந்தும் 5 என்று போட்டு அனுப்பிவிடுவார். நிலையத்தார் சந்தோஷப்படுவார்கள், அழகிய அட்டையொன்று விரைவில் வரும் என்று அவருக்கு எண்ணம். ஆனால் கோடிக்கணக்கான பணம் செலவிட்டுப் பெரிய கோபுரங்களை நாட்டி, இந்தத் திசைக்கு இந்த நேரத்தில் இந்த அலைவரிசை பொருந்துமா என்று அறியத் துடிக்கும் பொறியியலாளருக்கு, அந்த முகஸ்துதியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. ‘உங்கள் நிகழ்ச்சி எனக்கு உயிர், ஆனால் நேற்றிரவு பக்கத்து நிலையம் உங்களை விழுங்கிவிட்டது, குறுக்கீட்டுக்கு 2’ என்று எழுதுகிறாரே, அவரே உண்மையான உதவியாளர். தான் நேசிக்கும் ஒன்றைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருப்பது எளிதான காரியமன்று. அபிமானம் என்றாலே குறை காண மறுப்பது என்று நாம் பழகியிருக்கிறோம். நம்முடைய திரைப்பட ரசிகர்களும் கட்சித் தொண்டர்களும் அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறார்கள். சிற்றலை நேயரோ அன்பையும் துல்லியத்தையும் ஒரே தாளில் எழுதக் கற்றுக்கொள்கிறார். கேட்காததைக் கேட்டதாக எழுதக் கூடாது, அட்டவணையில் பார்த்ததைக் காதில் விழுந்ததாகக் காட்டக் கூடாது என்ற நியமத்தை மேற்பார்வையாளர் எவரும் இல்லாமல், நள்ளிரவில், தனியறையில் காப்பாற்றுகிறார். ஒரு பொழுதுபோக்கு மனிதனுக்குத் தரக்கூடிய பயிற்சிகளில் இதைவிட மேலானதை நான் அறியேன்.

அறிக்கை சரியென்று கண்டால் நிலையம் ஓர் அட்டை அனுப்பும். ‘இன்ன தேதியில், இன்ன அலைவரிசையில் நீங்கள் கேட்டது எங்கள் நிலையமே’ என்று உறுதி சொல்லும் அந்த அட்டைக்குக் கியூ.எஸ்.எல். என்று பெயர். பனிமலை, துறைமுகம், தேசியப் பறவை, ஒலிபரப்புக் கோபுரம் என்று அவற்றின் முகப்பில் இல்லாத படமில்லை. பதில் தபாலுக்கான செலவை ஏற்பதற்காக, 1906-ஆம் ஆண்டிலேயே தோன்றிய சர்வதேசப் பதிலஞ்சல் கூப்பனை உறைக்குள் வைத்து அனுப்புவதும் உண்டு. அட்டை வந்து சேர மாதக்கணக்காகும். அது வரும் நாளில் தெருவே அறியும். அந்நியத் தபால்தலை ஒட்டிய உறையைத் தபால்காரர் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டுதானே வருவார்!

நிலையங்களின் அடையாள இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலிபரப்பு தொடங்குவதற்குச் சில நிமிஷங்களுக்கு முன், நேயர் முள்ளைச் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்வதற்காகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத் துணுக்கு அது. அகில இந்திய வானொலியின் முகப்பிசை நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி ஐரோப்பாவை விட்டு நம் தேசத்துக்கு வந்த வால்டர் காஃப்மன் என்ற இசை மேதை அமைத்தது. ஆஸ்திரேலிய வானொலிக்கு அந்நாட்டுக் கூக்கபரா பறவையின் சிரிப்பு, பி.பி.சி.க்கு லண்டன் மாதாகோயில் மணியோசை அடையாளமாயிருந்தன. அறிவிப்பாளர் வாய் திறப்பதற்கு முன்பே, இரண்டு சுரங்களில் தேசத்தைச் சொல்லிவிடும் நேயர்கள் உண்டு.

தமிழர்களுக்கு இந்தப் பித்தை ஊட்டிய பெருமை இலங்கை வானொலிக்கே உரியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத்தலைமை, போர்வீரர்களுக்காக இலங்கையில் நிறுவிய சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்புச் சாதனம், யுத்தம் ஓய்ந்த பின் அந்நாட்டு வானொலியின் கைக்கு வந்தது. 1952-ஆம் ஆண்டில் மத்திய மந்திரி கேஸ்கர், சினிமாப் பாட்டு சாஸ்திரீய சங்கீத ருசியைக் கெடுக்கிறதென்று கருதி, அகில இந்திய வானொலியில் அதைக் கட்டுப்படுத்தியபோது, பாரத தேசத்து நேயர்கள் பெருங்கூட்டமாகக் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதி தொடங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல்களாயின. அவர்களுடைய உச்சரிப்பைப் பின்பற்றித் தங்கள் தமிழைத் திருத்திக்கொண்ட இளைஞர்கள் உண்டு.

லண்டனிலிருந்து 1941-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு, பின்னர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம் சூட்டிய ‘தமிழோசை’ என்ற பெயரால் பிரசித்தி பெற்று, 2017 ஏப்ரல் 30 வரை சிற்றலையில் ஒலித்தது. சீன வானொலி 1963-இல் தமிழ்ப் பிரிவைத் தொடங்கிற்று. மாஸ்கோ, வத்திக்கான், மணிலா ஆகிய இடங்களிலிருந்தும் தமிழ் வந்தது. இவற்றுக்கெல்லாம் நம் ஊர்களில் நேயர் மன்றங்கள் தோன்றின; முத்திரை செய்து, உறுப்பினர் அட்டை அச்சிட்டு, மாதக் கூட்டம் நடத்தி, கடிதம் எழுதுவதையே ஒரு கலையாக வளர்த்தார்கள். சாதியும் கட்சியும் கேட்காமல் மனிதர்கள் ஒன்றுகூடும் இடங்கள் நம் ஊர்களில் அதிகமில்லை. நேயர் மன்றம் அவற்றுள் ஒன்றாக இருந்தது.

சிற்றலை என்னும் சாதனமே உலகுக்குக் கிட்டியதும் இத்தகைய பித்தர்களால்தான். 1912-ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் வானொலிச் சட்டம் ஒன்றை இயற்றி, பொழுதுபோக்காகக் கம்பியில்லாத் தந்தி நடத்தியவர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைகளுக்குள் ஒதுக்கித் தள்ளிற்று. நெடுந்தூரம் செல்வதற்கு நீண்ட அலைகளே வேண்டும் என்பது அக்கால விஞ்ஞானிகளின் முடிவு. குறுகிய அலைகள் எதற்கும் உதவாதவை, அவற்றோடு இந்த விளையாட்டுக்காரர்கள் போகட்டும் என்று எண்ணினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் அந்த ஒதுக்குப்புறத்திலேயே இரவு பகலாக உழைத்தார்கள்.

1921-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுடைய சங்கத்தார் பால் காட்லி என்பவரைக் கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். ஆர்ட்ராசன் என்ற கடற்கரை ஊரில், குளிரும் மழையும் காற்றும் அலைக்கழித்த ஒரு வெளியில் கூடாரமடித்து, நெடுந்தூரம் கம்பி கட்டி, காதில் காதொலிப்பானைப் பொருத்திக்கொண்டு, அமெரிக்காவில் தம் தோழர்கள் அனுப்பும் குறிகளுக்காக அவர் இரவெல்லாம் காத்திருந்தார். கனெக்டிகட் மாகாணத்தில் அவர்கள் இதற்கென்றே அமைத்த 1பி.சி.ஜி. என்ற நிலையத்தின் செய்தி, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி வந்து அவர் காதில் முழுமையாக விழுந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1923 நவம்பரில், பிரெஞ்சுக்காரரான லியோன் டெலாய் நீஸ் நகரிலிருந்தும், ஷ்னெல் என்பவர் அமெரிக்காவிலிருந்தும், நூறு மீட்டரையொட்டிய அலையில் சமுத்திரத்துக்கு இரு கரையிலும் இருந்தபடி சம்பாஷித்தார்கள். அதன் பிறகுதான் பெரிய கம்பெனிகள் கண் விழித்தன. 1927-இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே சிற்றலைத் தந்தி ஏற்பட்டதும், 1932-இல் பி.பி.சி. கடல் கடந்த தேசங்களுக்கு ஒலிபரப்பத் தொடங்கியதும் இந்தத் தடத்தில் வந்தவையே.

இதைவிடத் தனிமையான ஒரு சாதனையும் உண்டு. அமெரிக்காவின் வீட்டன் என்ற ஊரில், சிறுவயது முதலே வானொலிப் பித்துக்கொண்டிருந்த குரோட் ரீபர், ஆகாய கங்கையிலிருந்து வானொலி அலைகள் வருவதாக ஜான்ஸ்கி என்பவர் வெளியிட்ட செய்தியைப் படித்துவிட்டு, 1937-இல் தம் வீட்டுத் தோட்டத்தில் 9 மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள ஒரு கிண்ண வடிவ ஏரியலைத் தம் சொந்தப் பணத்தில் கட்டினார். பகலில் உத்தியோகம், மோட்டார் வண்டிகளின் தீப்பொறி இரைச்சல் அடங்கிய நள்ளிரவுக்குப் பின் வானத்தைக் கேட்பது. முதலில் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவதில் ஆகாய கங்கை பேசிற்று. ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம் உலகத்தில் வானொலி வானியல் என்ற சாஸ்திரத்துக்கு உழைத்தவர் அவர் ஒருவரே என்று சொன்னால் மிகையாகாது.

நம் தேசத்தில் நடந்ததையும் மறத்தலாகாது. கேட்பதோடு நில்லாமல் அனுமதி பெற்றுப் பேசவும் செய்பவர்களை ஹாம் வானொலியார் என்பர். உலகத்தை 300-க்கும் மேற்பட்ட பிரதேசங்களாக வகுத்து, எத்தனை பிரதேசங்களோடு பேசினோம் என்று கணக்கு வைப்பது இவர்களுடைய பிரியமான பந்தயம். யாரும் எளிதில் எட்டாத தீவுகளுக்குச் சிலர் கருவிகளைச் சுமந்து சென்று மற்றவர்களுக்கு அந்தப் பிரதேசத்தைக் ‘கொடுப்பது’ம் வழக்கம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவினரும் இதற்காகவே அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார்கள். உலகெங்கிலுமிருந்து ஹாம்கள் அவரோடு தொடர்புகொள்ள முண்டியடித்துக்கொண்டிருந்த வேளையில், டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கிக் கடல் பொங்கிற்று. தொலைபேசி அறுந்த அத்தீவுகளிலிருந்து, பந்தயத்துக்கென்று கொண்டுபோன அதே கருவிகள் வழியே, உயிரோடிருப்பவர்களின் செய்தியை அவர்கள் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள்.

இத்தனை சொன்னதால், ‘பயன் உண்டு, ஆகவே அனுமதிக்கலாம்’ என்று வாதிடுவதாக யாரும் கருத வேண்டாம். காட்லி கூடாரத்தில் நனைந்தது கம்பெனிகளுக்காக அன்று. ரீபர் தூக்கம் கெட்டது சாஸ்திரப் பட்டத்துக்காக அன்று. அந்தக் குரல் கேட்குமா என்ற ஆவல் ஒன்றே அவர்களை உட்கார வைத்தது. பயன் வந்தபோது வந்தது. வராமலே போன ஆயிரக்கணக்கானவர்களின் இரவுகளும் வீணல்ல. பத்து மணி நேரம் கணக்குப் புத்தகத்தோடு மாரடித்துவிட்டு வீடு திரும்பும் மனிதனுக்கு, யாரும் உத்தரவிடாத, சம்பளமில்லாத, தானே விதித்துக்கொண்ட ஒரு காரியத்தில் பூரண சிரத்தையோடு அரை மணி நேரம் இருக்கக் கிடைப்பது பெரும் சொத்து என்பது என் அபிப்பிராயம். அதை வீட்டாரிடமிருந்து ஒளித்துச் செய்வதும், விருந்தினர் வந்தால் அட்டைகளை அலமாரிக்குள் தள்ளுவதும் அநாவசியம். கூடத்துச் சுவரில் ருமேனியாவின் அட்டையொன்று மாட்டியிருந்தால் அந்த வீட்டுக்கு அது அலங்காரமே.

ஒன்றை மட்டும் இந்த ஈடுபாடுடையவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதிகாலைக் காப்பியை வேறொருவர் போட்டுக் கொடுக்க, குழந்தையை வேறொருவர் தூக்கிக்கொள்ள, தாம் மட்டும் காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு அமர்வது நியாயமல்ல. நம் வீடுகளில் ஆண்களுக்கு வாய்த்த இந்த ஓய்வு பெண்களுக்கு வாய்க்கவில்லை என்பதாலேயே நேயர் மன்றப் புகைப்படங்களில் ஆண்களின் முகங்களே நிறைந்திருக்கின்றன. வீட்டு வேலையில் பங்கெடுத்துக்கொண்டு, மனைவிக்கும் மகளுக்கும் அவரவர் விரும்பும் ஈடுபாட்டுக்கு அதே அரை மணி நேரத்தை உறுதி செய்பவரே இந்தச் சுகத்துக்கு முழு உரிமையாளர்.

சிற்றலை நிலையங்கள் பல மூடப்பட்டுவிட்டன. ஆயினும் சீனமும் ஜப்பானும், ருமேனியாவும் துருக்கியும், பி.பி.சி.யின் ஆங்கிலச் சேவையும் இன்னும் அந்த அலைகளில் ஒலிக்கின்றன. 12 வயது நிரம்பிய எவரும் அரசாங்கப் பரீட்சை எழுதி ஹாம் உரிமமும் பெறலாம். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் வானொலிப் பெட்டி இருந்தால் இறக்கித் துடைத்து, மின்கலம் போட்டு, சில மீட்டர் செம்புக் கம்பியை ஜன்னலுக்கு வெளியே கட்டி, பொழுது சாய்ந்த பின் 31 மீட்டருக்கு அருகே முள்ளை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கேட்டதை, கேட்டது போலவே, எழுதி அந்த நிலையத்துக்கு அனுப்புங்கள். பக்கத்தில் பிள்ளை வந்து உட்கார்ந்து ‘இது எந்த ஊர்?’ என்று கேட்டால், படிக்கப் போ என்று விரட்டாமல், பெட்டியை அதன் கையில் கொடுங்கள்.